நுரையீரல் பிரஷர், கிட்னி பாதிப்பு ரெண்டும் இருக்கா? ரத்த ரிப்போர்ட்டில் வரும் அந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குது, சாயங்காலம் ஆனா கால் வீங்குது. ஏற்கெனவே கிட்னி பாதிப்புக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் இப்படிச் சொன்னால், டாக்டர்கள் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைகளில் இப்போது அடிக்கடி இடம்பெறும் பெயர் 'என்டி-ப்ரோபிஎன்பி'.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டில் பதற்றம் தொடங்கிவிடுகிறது. 'நார்மல்: 125-க்குள்' என்று ஒரு பக்கம் அச்சாகியிருக்கும். பக்கத்திலேயே 9,000 அல்லது 20,000 என்று எண் நிற்கும். டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிலருக்கு '35,000-க்கு மேல்' என்றே வரும். அதற்கு மேல் அளக்க முடியாது என்று மெஷின் கைவிரிக்கும் எல்லை அது.

'இதயம் அவ்வளவுதானா?' என்று குடும்பம் பயப்படுவது ஒரு தவறு. 'கிட்னி பேஷன்டுக்கு இப்படித்தான் வரும், விடுங்க' என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுவது இன்னொரு தவறு. ரெண்டாவது தவறுக்கு விலை அதிகம். காரணம், நுரையீரல் ரத்தக் குழாயில் ஏறும் அழுத்தம் சத்தமில்லாமல் இதயத்தின் வலது பக்கத்தைத் தளர வைக்கும் நோய்.

முக்கிய அம்சங்கள்

- கிட்னி பாதிப்பு இருந்தால் என்டி-ப்ரோபிஎன்பி அளவு இயல்பாகவே கூடும். ஆனால் அது முழுக்க 'பொய்யான' உயர்வு அல்ல.
- ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது. அதே நபரின் பழைய அளவோடு ஒப்பிட வேண்டும்.
- டயாலிசிஸ் செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், ஒரே லேபில் ரத்தம் கொடுப்பது அவசியம்.
- எக்கோ, நடைப் பரிசோதனை, மற்ற ரத்த அளவுகள் எல்லாம் சேர்ந்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

நுரையீரல் உயர் ரத்த அழுத்தம் என்றால் என்ன?

கையில் பட்டை கட்டிப் பார்ப்பது உடல் முழுவதும் போகும் ரத்தத்தின் அழுத்தம். நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்க்குத் தனி அழுத்தம் உண்டு. இதயத்தின் வலது பக்கம் அந்தக் குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ளுகிறது. கையில் பார்க்கும் பிபி நார்மலாக இருந்தாலும் இந்த அழுத்தம் எகிறியிருக்கலாம்.

ஓய்வில் இருக்கும்போது நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரச அளவைத் தாண்டினால் அது நுரையீரல் உயர் ரத்த அழுத்தம். ஐரோப்பிய இதயவியல், சுவாசவியல் அமைப்புகள் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த அளவைத்தான் சொல்கிறது. அதற்கு முன் நீண்ட காலம் எல்லைக்கோடு 25 ஆக இருந்தது.

காரணத்தைப் பொறுத்து இந்த நோயை மருத்துவர்கள் 5 பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். நுரையீரல் தமனியே பாதிக்கப்படுவது முதல் பிரிவு. இடது பக்க இதயக் கோளாறால் வருவது ரெண்டாவது. நுரையீரல் நோய்கள் மூன்றாவது. ரத்தக் கட்டி அடைப்பு நான்காவது. பல காரணங்கள் கலந்தவை ஐந்தாவது. நாள்பட்ட கிட்னி நோயால் வருவது இந்த ஐந்தாவது பிரிவில்தான் வைக்கப்பட்டுள்ளது.

கிட்னிக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்?

மூன்று வழிகளில் சம்பந்தம் இருக்கிறது.

முதலாவது, தண்ணீர். கிட்னி வேலை குறைந்தால் உப்பும் நீரும் உடலில் தங்கும். ரத்தக் குழாய்களில் அளவு கூடி, இடது பக்க இதயத்தில் அழுத்தம் ஏறி, அது பின்னோக்கி நுரையீரல் வரை போகும். கிட்னி நோயாளிகளிடம் அதிகம் காணப்படுவது இந்த வகைதான்.

ரெண்டாவது, ஃபிஸ்டுலா. டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைப்பார்கள். அதன் வழியே ரத்தம் குறுக்குப் பாதையில் இதயத்துக்குத் திரும்பும். ஃபிஸ்டுலாவில் ஓட்டம் மிக அதிகமாக இருந்தால், இதயம் தினமும் கூடுதல் ரத்தத்தை இறைக்க வேண்டியிருக்கும். அந்தச் சுமை நுரையீரல் குழாயிலும் தெரியும்.

மூன்றாவது, ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம், நாளங்களில் சுண்ணாம்புப் படிவு போன்றவை. கிட்னி நோயோடு கூடவே வரும் இவை ஒவ்வொன்றும் இதயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரமப்படுத்தும்.

இது ஒருவழிப் பாதையும் இல்லை. வலது பக்க இதயம் தளர்ந்தால், கிட்னியிலிருந்து திரும்ப வேண்டிய ரத்தம் தேங்கும். தேங்கினால் கிட்னி இன்னும் மோசமாகும். அது மோசமானால் தண்ணீர் இன்னும் தங்கும். இந்தச் சுழலை எங்கேயாவது அறுத்தாக வேண்டும். எவ்வளவு அவசரம் என்று சொல்ல உதவுபவைதான் ரத்தத்தில் உள்ள 'பயோமார்க்கர்கள்'. தமிழில் உயிர்க்குறிப்பான்கள் என்று சொல்லலாம்.

என்டி-ப்ரோபிஎன்பி... அது என்ன டெஸ்ட்?

இதயத் தசை இழுபடும்போது அது ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அந்தப் புரதம் ரெண்டாக உடையும். ஒரு துண்டு பிஎன்பி. இது வேலை செய்யும் ஹார்மோன், உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லி உத்தரவு போடும். இன்னொரு துண்டு என்டி-ப்ரோபிஎன்பி. இதற்குத் தனி வேலை கிடையாது. ஆனால் ரத்தத்தில் அதிக நேரம் தங்குவதால் அளப்பது சுலபம்.

பிஎன்பி 1988-ல் ஜப்பான் ஆய்வாளர்களால் பன்றியின் மூளையில் கண்டுபிடிக்கப்பட்டது. பெயரில் மூளை என்ற பொருள் தரும் எழுத்து ஒட்டிக்கொண்டதற்கு அதுவே காரணம். பிறகுதான் இதயமே இதன் முக்கிய சுரப்பிடம் என்று தெரியவந்தது.

ஆக, இந்த எண் கூடினால் 'இதயம் இழுபடுகிறது' என்று பொருள். இடது பக்கமா, வலது பக்கமா என்று அது சொல்லாது.

கிட்னி கெட்டால் எண் ஏன் ஏறுகிறது?

இதைப் புரிந்துகொள்ள காஞ்சிபுரம் பக்கத்துக் கூரம் கிராமமே நல்ல உதாரணம். கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்று பலருக்கும் தெரியும். 7-ம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மனின் கூரம் செப்பேடுகள், இங்கே இருந்த பரமேஸ்வர தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாயையும் குறிப்பிடுகின்றன.

ஏரியில் தண்ணீர் மட்டம் உயர ரெண்டு காரணம் இருக்கலாம். வரத்துக் கால்வாயில் தண்ணீர் அதிகமாக வந்திருக்கலாம். அல்லது மதகு அடைத்துக்கொண்டு தண்ணீர் வெளியேறாமல் இருக்கலாம். கரையில் நின்று மட்டத்தை மட்டும் பார்த்தால் எது காரணம் என்று சொல்ல முடியாது.

ரத்தத்தில் என்டி-ப்ரோபிஎன்பி அளவும் அப்படித்தான். இதயம் அதிகம் சுரந்தாலும் ஏறும். வெளியேற்ற வேண்டிய கிட்னி சோர்ந்தாலும் ஏறும். டயாலிசிஸ் நோயாளியிடம் பெரும்பாலும் ரெண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

பிஎன்பிக்கு இந்தச் சிக்கல் சற்றுக் குறைவு. அதை உடல் வேறு வழிகளிலும் சிதைத்து அகற்றிவிடும். என்டி-ப்ரோபிஎன்பி கிட்னியை அதிகம் நம்பியிருக்கிறது. ஆனால் பிஎன்பிக்கு வேறொரு தொல்லை உண்டு. இதயச் செயலிழப்புக்குத் தரப்படும் சாகுபிட்ரில் கலந்த மாத்திரை, பிஎன்பியைச் சிதைக்கும் என்சைமைத் தடுக்கும். அதைச் சாப்பிடுபவருக்கு பிஎன்பி அளவு தவறாக உயர்ந்து தெரியலாம். அவர்களுக்கு என்டி-ப்ரோபிஎன்பிதான் பொருத்தம்.

இந்த ரெண்டு டெஸ்ட்டும் பெயரில் நெருக்கம் என்றாலும் எண்கள் வேறு வேறு. போன முறை பிஎன்பி, இந்த முறை என்டி-ப்ரோபிஎன்பி என்று மாற்றி எடுத்துவிட்டு, 'பத்து மடங்கு ஏறிடுச்சு' என்று பயப்படுவதில் அர்த்தமே இல்லை.

அப்படின்னா கிட்னி நோயாளிக்கு இந்த டெஸ்ட் வீணா?

இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

2007-ல் ஜெர்மனி மருத்துவர்கள் நுரையீரல் உயர் ரத்த அழுத்தம் உள்ள நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிட்னி பாதிப்பு என்டி-ப்ரோபிஎன்பி அளவைக் குழப்புகிறதா என்பதே அவர்கள் கேள்வி. குழப்பத்தான் செய்கிறது. ஆனாலும் யாருக்கு உயிராபத்து அதிகம் என்பதை அந்த எண் நன்றாகவே காட்டியது. காரணம் எளிது. இதயத்தின் சிரமம், கிட்னியின் தளர்ச்சி ரெண்டுமே நோயாளிக்குக் கெட்ட செய்திகள். ரெண்டையும் ஒரே எண்ணில் சேர்த்துக் காட்டுவதால், அந்த எண் ஆபத்தை இன்னும் தெளிவாகச் சொல்கிறது.

அதாவது, 'நோய் என்ன?' என்று கண்டுபிடிக்கும்போது கிட்னி பாதிப்பு இந்த டெஸ்ட்டைக் குழப்பும். 'இனி என்ன ஆகும்?' என்ற கேள்விக்கு வரும்போது அதே டெஸ்ட் உதவும். இந்த வித்தியாசம் தெரியாததால்தான் ரிப்போர்ட்டைப் பார்த்து சிலர் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள், சிலர் அலட்சியம் செய்கிறார்கள்.

2000-ல் வெளியான ஜப்பான் ஆய்வு ஒன்றும் முக்கியமானது. காரணம் தெரியாத நுரையீரல் உயர் ரத்த அழுத்தம் உள்ள 60 பேரிடம் பிஎன்பி அளக்கப்பட்டது. சிகிச்சை தொடங்கிய பிறகு மீண்டும் அளக்கப்பட்டது. ரெண்டாவது முறையும் இறங்காமல் உயர்ந்தே இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. முதல் எண்ணை விட அது போகும் திசை முக்கியம் என்ற பாடம் அதிலிருந்து வந்தது.

எந்த அளவு இருந்தால் ஆபத்து?

நுரையீரல் தமனி நேரடியாகப் பாதிக்கப்பட்ட முதல் பிரிவு நோயாளிகளுக்கு 2022 வழிகாட்டுதல் சொல்லும் அளவுகள் இவை. ஒரு மில்லி ரத்தத்தில் பிகோகிராம் கணக்கு:

- குறைந்த ஆபத்து: என்டி-ப்ரோபிஎன்பி 300-க்குக் கீழ், பிஎன்பி 50-க்குக் கீழ்
- நடுத்தரம்: என்டி-ப்ரோபிஎன்பி 300 முதல் 1,100 வரை, பிஎன்பி 50 முதல் 800 வரை
- அதிக ஆபத்து: என்டி-ப்ரோபிஎன்பி 1,100-க்கு மேல், பிஎன்பி 800-க்கு மேல்

குறைந்த ஆபத்துப் பிரிவில் ஓராண்டுக்குள் உயிரிழக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு என்றும், அதிக ஆபத்துப் பிரிவில் 20 சதவீதத்துக்கு மேல் என்றும் அந்த வழிகாட்டுதல் மதிப்பிடுகிறது. ஆனால் ரத்த அளவு மட்டும் வைத்து யாரையும் இந்தப் பிரிவுகளில் போடுவதில்லை. அன்றாட வேலையில் எவ்வளவு மூச்சு வாங்குகிறது, 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பவையும் சேரும். 440 மீட்டருக்கு மேல் நடந்தால் நல்லது. 165 மீட்டரைக் கூட எட்டவில்லை என்றால் ஆபத்து அதிகம்.

கவனிக்க: இந்த எண்கள் டயாலிசிஸ் நோயாளிகளுக்காக வகுக்கப்பட்டவை அல்ல. இதயத்தில் புதிதாக எந்தப் பிரச்னையும் இல்லாத டயாலிசிஸ் நோயாளிக்கும் ஆயிரக்கணக்கில் அளவு இருக்கலாம். கூகுளில் கிடைக்கும் பட்டியலோடு ரிப்போர்ட்டை ஒப்பிட்டுப் பார்த்து 'அதிக ஆபத்து' என்று முடிவு கட்ட வேண்டாம்.

கிட்னியையும் கணக்கில் எடுக்கும் கணக்கீட்டு முறை ஒன்று உண்டு. அமெரிக்க நோயாளிப் பதிவேட்டின் அடிப்படையில் உருவான 'ரிவீல் 2.0' என்ற மதிப்பெண் முறை அது. 2019-ல் வெளியானது. அதில் கிட்னியின் வடிகட்டும் திறன் 60-க்குக் கீழ் போனாலே தனியாக மதிப்பெண் கூடும். மதிப்பெண் கூடினால் ஆபத்து கூடுகிறது என்று பொருள்.

வேறு எந்த ரத்தப் பரிசோதனைகள் உதவும்?

விலை உயர்ந்த டெஸ்ட்தான் முக்கியம் என்று நினைக்க வேண்டாம். சாதாரண ரிப்போர்ட்டிலேயே பல துப்புகள் இருக்கின்றன.

கிரியேட்டினின், இஜிஎஃப்ஆர்: கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. உடல் மெலிந்த வயதானவர்களுக்குத் தசை குறைவு. அதனால் கிட்னி பாதித்திருந்தாலும் கிரியேட்டினின் 'நார்மல்' போலத் தெரியலாம். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின்-சி என்ற இன்னொரு டெஸ்ட் பார்க்கலாம். அது தசையை அவ்வளவு சார்ந்தது அல்ல.

சோடியம்: சாதாரண உப்பு அளவு டெஸ்ட். நுரையீரல் தமனி அழுத்த நோயில் சோடியம் குறைவது, வலது பக்க இதயம் தளர்வதோடு தொடர்புடையது. டயாலிசிஸ் செய்பவர்களிடம் சோடியத்தை டயாலிசிஸ் திரவமும் மாற்றும் என்பதால் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ட்ரோபோனின்: மாரடைப்பைக் கண்டுபிடிக்க எடுப்பார்கள். கிட்னி நோயாளிகளுக்கு மாரடைப்பு இல்லாமலே இது சற்று உயர்ந்திருக்கும். அப்படி எப்போதும் உயர்ந்தே இருந்தால் எதிர்கால ஆபத்து கூடுதல் என்று பொருள். இறுதிக்கட்டக் கிட்னி நோயாளிகளின் ஆபத்தைக் கணிக்க ட்ரோபோனின்-டி பயன்படுத்த 2004-லேயே அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. நெஞ்சு வலி இருக்கும்போது சில மணி நேர இடைவெளியில் மறுபடி எடுத்து, ஏறுகிறதா என்று பார்ப்பார்கள்.

ஹீமோகுளோபின், இரும்புச்சத்து: ரத்தசோகை இருந்தால் இதயம் வேகமாக இறைக்கும், மூச்சு வாங்கும். கிட்னி நோயில் இது சகஜம், சரிசெய்யவும் முடியும்.

யூரிக் ஆசிட்: நுரையீரல் அழுத்த நோயில் உயர்ந்தால் கெட்ட அறிகுறி என்று பழைய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் கிட்னி பாதித்தாலே இது ஏறும். தனியாக வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஜிடிஎஃப்-15, காலெக்டின்-3, எஸ்டி2 என்று புதிய பெயர்களும் மருத்துவ இதழ்களில் வருகின்றன. இவை இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளன. இவற்றுக்காகப் பணம் செலவழிக்கும் முன், 'இந்த ரிசல்ட் வந்தா என் சிகிச்சை மாறுமா டாக்டர்?' என்று கேட்பது நல்லது.

டயாலிசிஸ் செய்பவர்கள் எப்போது ரத்தம் கொடுக்க வேண்டும்?

இதுதான் பலரும் கவனிக்காத இடம். டயாலிசிஸுக்கு முன் உடலில் தண்ணீர் நிறைந்திருக்கும், பின் குறைந்திருக்கும். சில வகை டயாலிசிஸ் வடிகட்டிகள் என்டி-ப்ரோபிஎன்பியையும் ஓரளவு வெளியேற்றும். அதனால் திங்கட்கிழமை டயாலிசிஸுக்கு முன் எடுத்த அளவையும், வெள்ளிக்கிழமை முடிந்த பின் எடுத்த அளவையும் ஒப்பிடவே முடியாது.

- எப்போதும் டயாலிசிஸ் தொடங்கும் முன் ரத்தம் கொடுக்க வேண்டும்.
- முடிந்தால் வாரத்தின் அதே நாளில் கொடுக்க வேண்டும்.
- ஒரே லேப், ஒரே டெஸ்ட்.
- அன்றைய எடையையும், டாக்டர் நிர்ணயித்த 'டிரை வெயிட்' அளவையும் ரிப்போர்ட்டிலேயே எழுதி வைக்க வேண்டும்.

டயாலிசிஸ் நோயாளிகளிடம் இந்த எண் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் ஆடும். 8,000 அடுத்த முறை 9,000 ஆனால் பதற வேண்டாம். 8,000 இருந்தது 16,000 ஆகி, மூச்சு வாங்குவதும் கூடினால் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும்.

எக்கோவும் கேதட்டரும் எதற்கு?

ரத்த டெஸ்ட் 'ஏதோ சரியில்லை' என்று கதவைத் தட்டும். எங்கே சரியில்லை என்று எக்கோ காட்டும். வலது பக்க வால்வில் ரத்தம் பின்னோக்கிக் கசியும் வேகம் நொடிக்கு 2.8 மீட்டருக்கு மேல் போனால் நுரையீரல் அழுத்தம் சந்தேகிக்கப்படும். டயாலிசிஸ் நோயாளிக்கு உடலில் கூடுதல் தண்ணீர் இல்லாத நாளில் எக்கோ எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் தண்ணீரால் ஏறிய அழுத்தமும் நோயாகத் தெரியும்.

உறுதிப்படுத்த வேண்டுமென்றால் வலது இதய கேதட்டர் பரிசோதனை. மெல்லிய குழாயைச் சிரை வழியாக இதயத்துக்குள் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளப்பார்கள். அழுத்தம் இடது பக்க இதயத்திலிருந்து வருகிறதா, நுரையீரல் குழாயிலேயே பிறக்கிறதா என்று தீர்மானமாகச் சொல்லும் பரிசோதனை இதுதான். சிகிச்சையே இந்தப் பதிலைப் பொறுத்துத்தான்.

இந்தியாவில், தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

இந்தியாவில் இந்த நோய் பற்றிய பெரிய பதிவேடு பக்கத்து மாநிலத்தில் உருவானது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவன மருத்துவர்கள் முன்னின்று நடத்திய 'ப்ரோ-கேரளா' பதிவேட்டில், கேரளத்தின் 50 மருத்துவமனைகளிலிருந்து 2,003 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இடது பக்க இதயக் கோளாறே காரணம். நுரையீரல் பிரஷர் என்றதும் நுரையீரலை மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி.

தமிழ்நாட்டில் கிட்னி நோயின் பரவல் கவலை தரும் விஷயம். சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் மருத்துவர்கள் மாநிலத்தின் பல பகுதிகளில் 3,350 விவசாயத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வில், சுமார் 20 பேரில் ஒருவருக்கு நாள்பட்ட கிட்னி நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய், பிபி போன்ற வழக்கமான காரணங்கள் இல்லை. அதாவது 'எனக்குத்தான் சுகர் இல்லையே' என்று இருப்பவர்களும் தப்பவில்லை.

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் விவசாயமும் நெசவும்தான் பல குடும்பங்களின் பிழைப்பு. தறியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு நடை குறைவு. அதனால் மூச்சு வாங்குவது சீக்கிரம் தெரியாமல் போகலாம். கோயில் பிரகாரம் சுற்றும்போதோ, மாடிப்படி ஏறும்போதோதான் வித்தியாசம் தெரியும். அதையும் 'வயசாச்சு', 'ரத்தம் கம்மி', 'வீசிங்' என்று சொல்லித் தள்ளிவிடுவது வழக்கம்.

எண் ஏறினால் சிகிச்சை என்ன?

எண்ணுக்குத் தனியாக மருந்து கிடையாது. அதை ஏற்றும் காரணத்துக்குத்தான் சிகிச்சை.

- தண்ணீர் தேக்கம்: உப்பைக் குறைப்பது, சிறுநீர் போக வைக்கும் மாத்திரை, டயாலிசிஸில் டிரை வெயிட்டை மறுபடி நிர்ணயிப்பது. பலருக்கு இதிலேயே நுரையீரல் அழுத்தம் இறங்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் உப்பு இங்கே முக்கிய எதிரி.
- ஃபிஸ்டுலா: ஓட்டம் மிக அதிகம் என்று டாப்ளர் ஸ்கேனில் தெரிந்தால், அதை அறுவை சிகிச்சையால் குறைக்க முடியும்.
- ரத்தசோகை, பிபி: ரெண்டையும் கட்டுக்குள் வைக்க வேண்டும்.
- கிட்னி மாற்று: மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் பலருக்கு நுரையீரல் அழுத்தம் குறைகிறது. ஆனால் அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் அறுவை சிகிச்சையே ஆபத்தாகும். அதனால்தான் மாற்றுக்குக் காத்திருப்பவர்களுக்கு எக்கோ கட்டாயம் பார்க்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து அதிக தூரமில்லாத வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே கிட்னி மாற்று வெற்றிகரமாக நடந்தது.

ஒரு எச்சரிக்கை. சில்டெனாஃபில், டாடலாஃபில், போசென்டான் போன்றவை நுரையீரல் தமனி அழுத்தத்துக்கான மருந்துகள். பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை செய்தது என்று இவற்றை வாங்கிச் சாப்பிடக் கூடாது. இடது பக்க இதயக் கோளாறால் வரும் அழுத்தத்துக்கு இவை பரிந்துரைக்கப்படுவதில்லை. நெஞ்சு வலிக்கான நைட்ரேட் மாத்திரையோடு சில்டெனாஃபில் சேர்ந்தால் பிபி திடீரென விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கூரம் போன்ற கிராமத்தில் இருப்பவர் எங்கே தொடங்குவது?

ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம். 2023-ல் தொடங்கப்பட்ட 'சிறுநீரகம் காப்போம்' திட்டத்தில் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று எளிய பட்டை மூலம் பார்க்கிறார்கள். சந்தேகம் இருந்தால் மேல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கிட்னி நோய் வெளியே தெரியும் முன்பே பிடிக்க இது உதவும்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை அடுத்த கட்டம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயிறு வழியாக டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் தேவையான திரவப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. கேதட்டர் பரிசோதனை தேவைப்பட்டால் கேத் லேப் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும்.

அலைச்சலும் செலவும் உண்மைதான். வாரத்துக்கு ரெண்டு மூன்று நாள் டயாலிசிஸுக்கே போய்விடும் குடும்பத்துக்கு இன்னொரு டெஸ்ட் பெரிய சுமை. அதனால்தான் எந்த டெஸ்ட் தேவை, எது தேவையில்லை என்று தெரிந்துகொள்வது முக்கியம். எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வைத்திருப்பது செலவில்லாத உதவி. பழைய எண் இல்லாமல் புதிய எண்ணுக்குப் பாதி அர்த்தம்தான்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

- எனக்கு எடுத்தது பிஎன்பியா, என்டி-ப்ரோபிஎன்பியா?
- என் கிட்னி இருக்கும் நிலைக்கு இந்த அளவு எதிர்பார்த்ததுதானா, அதற்கும் மேலா?
- போன முறையை விட ஏறியிருக்கா, இறங்கியிருக்கா?
- எக்கோவில் வலது பக்க இதயம் எப்படி இருக்கு?
- என் டிரை வெயிட்டை மாத்தணுமா? ஃபிஸ்டுலாவில் ஓட்டம் பார்க்கணுமா?
- மறுபடி எப்போ டெஸ்ட் எடுக்கணும்?

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டிய நிலை, நடக்கும்போது மயக்கம், நெஞ்சு வலி, உதடு நீலமாவது, ரெண்டு மூன்று நாளில் எடை வேகமாகக் கூடுவது, இருமலில் ரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் ரத்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைக்க வேண்டும். டயாலிசிஸ் நோயாளி என்பதை ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஃபிஸ்டுலா உள்ள கையில் ஊசி போடவோ பிபி பார்க்கவோ கூடாது.

இறுதியாக

என்டி-ப்ரோபிஎன்பி எண் யாருடைய ஆயுளையும் எழுதி வைப்பதில்லை. கிட்னியும் இதயமும் சேர்ந்து எவ்வளவு சிரமப்படுகின்றன என்று அது சொல்கிறது. 20,000 என்று வந்தாலும், போன முறை '35,000-க்கு மேல்' என்று இருந்தது என்றால் அது நல்ல செய்தி. 2,000 என்று வந்தாலும், ஆறு மாதம் முன் 600 இருந்தது என்றால் கவனிக்க வேண்டிய செய்தி. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது புது ரிப்போர்ட்டோடு பழைய ரிப்போர்ட்டையும் மறக்காமல் கொண்டுபோவது நல்லது.

*இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்கு மட்டுமே. மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ மருத்துவரின் ஆலோசனை அவசியம்.*